மேடம் இருக்காங்களா

மேடமா? இல்ல. இங்க இல்ல.

வெளியில போர்டு இருக்கேன்னு பாக்குறீங்க. வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. போர்டு இருக்கு, ஆளு இல்ல. 'மங்கை மரச்சாமான்கள். பழைய சாமான்கள் புதுப்பித்து விற்கப்படும்.' வீடு என் பேருல இருக்கு, வரி நான் கட்டுறேன், அந்த கேட்டு நான் நின்னு வெச்ச கேட்டு. போர்டுல மட்டும் என் வீட்டுக்காரி பேரு.

போன் அடிச்சுப் பாத்தீங்களா? எடுத்திருக்க மாட்டா. கையில உப்புத்தாள் இருந்தா கலெக்டர் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டா.

உக்காருங்க. அந்த பிளாஸ்டிக் சேர்லயே உக்காருங்க. மரச்சேர்னு ஒண்ணு இந்த வீட்டுல இப்ப கிடையாது. எந்த ஊரு? ஒட்டன்சத்திரமா. பைக்கா? சரி. பஸ்ஸுல வந்திருந்தா எந்த வண்டின்னு கேட்டிருப்பேன். இங்க திண்டுக்கல் டிப்போவுல முப்பத்தி ஒரு வருசம் நான் டைம்கீப்பர். குருநாதன்னு கேட்டுப் பாருங்க, பழைய டிரைவருக எல்லாருக்கும் தெரியும். பழனி வண்டி, நத்தம் வண்டி, வத்தலக்குண்டு வண்டி, எதுவும் நான் விசில் ஊதாம நகராது. எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் வண்டி ஆறு பத்துன்னா ஆறு பத்துதான். ரிட்டயர் ஆகியும் எனக்கு மதியத்துக்கு மேல ஒரு மணி, ரெண்டு மணின்னு சொல்ல வராது. பதிமூணு, பதினாலுன்னுதான் வாயில வரும். இப்ப பதினஞ்சு அஞ்சு. வெயில் கொஞ்சம் தாழட்டும்.

எங்க இருக்கான்னு சொல்றேன். ஊர விட்டு ஒண்ணும் ஓடிடல. இதுவரைக்கும் வந்த ஆளுகள எல்லாம் 'கடைய மூடியாச்சு'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். பதினோரு பேரு. நீங்கதான் தம்பி கேட்டத் தள்ளிக்கிட்டு உள்ள வராம, வெளியில நின்னு 'ஐயா'ன்னு கூப்பிட்டீங்க. மத்தவங்க எல்லாம் என்ன கேப்பாங்க தெரியுமா? 'மேடம் இருக்காங்களா?' நான் இந்தா நிக்கிறேன், மலை மாதிரி. என்னையப் பாத்துக்கிட்டே, என்னையத் தாண்டி எட்டிப் பாத்து, 'மேடம் இருக்காங்களா?'

அங்க போனீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாங்க. அதனாலதான் மொதல்ல என்கிட்ட கேட்டுக்கங்கன்னு சொல்றேன். நான் பொய் சொல்ற ஆளு இல்ல.

நான் ரிட்டயர் ஆன ரெண்டாம் மாசம் இது ஆரம்பிச்சுச்சு. எதிர்வீட்டுக்காரங்க வீட்ட இடிச்சுக் கட்டுனாங்க. குப்பை வண்டியில ஏத்துறதுக்கு ஒரு டிரெஸ்ஸிங் டேபிளத் தெருவுல போட்டிருந்தாங்க. கண்ணாடி இல்ல, ஒரு கால் ஆடுது, மேல பூராம் நீல பெயிண்டு. இவ போயி, 'இத நான் எடுத்துக்கவா'ன்னு கேட்டிருக்கா. கேவலமா இருக்கா இல்லையா? அடுத்த வீட்டுக் குப்பை. ரெண்டு கொத்தனாருகிட்டச் சொல்லித் தூக்கிட்டு வந்து நம்ம போர்ட்டிகோவுல வெச்சுட்டா.

மறுநாள் மதியம். நான் சாப்பிட்டுப் படுத்திருக்கேன். பதினாலு நாப்பது. தோளப் புடிச்சு உலுக்குறா. 'ஏங்க, எந்திரிங்க. தேக்குங்க! அடியில தேக்குங்க!' போர்ட்டிகோவுக்கு இழுத்துட்டுப் போறா. கண்ணாடிச் சில்ல வெச்சு ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டியிருக்கா. நீலம், அதுக்கடியில பச்சை, அதுக்கடியில ஏதோ சந்தனக் கலரு, அதுக்கும் அடியில மரம். புடவையெல்லாம் நீலத்தூளு, மூக்கு நுனியில நீலம். பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி நிக்கிறா.

'தேக்குன்னா தின்னவா முடியும்?'னு கேட்டுட்டு நான் போய்ப் படுத்துட்டேன்.

அதச் சொன்னது தப்பாம். எம் பொண்ணு ஓசூர்ல இருக்கா, அவ இப்ப போன் பண்ணி, 'அன்னைக்கு அம்மாகிட்ட ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா என்னப்பா?'ங்கிறா. நீங்களே சொல்லுங்க, தூங்குறவன எழுப்பிக் குப்பையக் காட்டினா எவன் நல்லா இருக்குன்னு சொல்லுவான்?

அப்புறம் போனுல வீடியோ பாக்க ஆரம்பிச்சா. பெயிண்ட எப்படி எடுக்கிறது, எந்த உப்புத்தாள மொதல்ல போடணும், எத அப்புறம் போடணும். எம்பது நம்பராம், நூத்தி இருபதாம், இருநூத்தி இருபதாம். நான் ஒரு காலத்துல வண்டி நம்பரு சொன்ன மாதிரி இவ உப்புத்தாள் நம்பரு சொல்றா. ஓட்டை இருந்தா மரத்தூளையும் பசையையும் கொழச்சு அடைக்கிறா. பஞ்சத் துணியில சுத்தி, பாலிஷத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிறா. இருபது நாளு. கடைசியில அந்த டேபிளப் போட்டோ எடுத்து எங்கயோ போட்டா. மறுநாளே ஒரு டாக்டரம்மா வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம்ல? விடல. அடுத்து ரெண்டு நாற்காலி. ஒரு கட்டில். ஒரு தொட்டில். இடிக்கிற வீடு எங்க இருக்குன்னு ஆட்டோக்காரன் வந்து சொல்லிட்டுப் போறான். என் ஸ்கூட்டர் தெருவுக்குப் போயிருச்சு. போர்ட்டிகோ பூராம் காலில்லாத சாமான், கையில்லாத சாமான். ஆஸ்பத்திரி மாதிரி. பேப்பர் படிக்க உக்காந்தா பெயிண்டு கரைக்கிற தின்னர் வாடை. காபியில மரத்தூளு.

ஒரு நாளு என்ன ஆச்சு தெரியுமா? கார்ல ஒரு அம்மா வந்தாங்க. புத்தக அலமாரி வாங்க. இவ உள்ள துணி எடுக்கப் போயிருக்கா. அந்தம்மா என்னையப் பாத்து, 'ஏங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க'ன்னாங்க. சரி, பொம்பளையாச்சேன்னு புடிச்சேன். கார் வரைக்கும் தூக்கிட்டுப் போய் மேல ஏத்திவிட்டேன். அந்தம்மா பையத் திறந்து என் கையில அம்பது ரூபாயத் திணிச்சு, 'டீ குடிங்க'ன்னுட்டுப் போயிருச்சு.

டீ குடிங்க. என்னைய. முப்பத்தி ஒரு வருசம் டிரைவருக எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்து நின்னவங்க.

இத நான் வந்து மங்கைகிட்டச் சொல்றேன். அவ என்ன பண்ணுனா? சிரிச்சா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் 'மன்னிச்சுக்கங்க'ன்னா. மன்னிச்சுக்கங்கன்னு சொல்லும்போதே இன்னொரு தடவ சிரிப்பு வந்துருச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன்.

நான் நியாயமாத்தான் பேசுனேன். 'பதினாலுலருந்து பதினாறு வரைக்கும் இந்த வீட்டுல ஒரு சத்தம் வரக்கூடாது. நான் தூங்கணும்'னேன். சரின்னா. அந்த ரெண்டு மணி நேரமும் தேய்க்கிற மிஷினப் போட மாட்டா. கையாலயே தேய்ப்பா. சர்ரு, சர்ருன்னு. கையால தேய்ச்சாலும் சத்தம் சத்தம்தான? நான் சொன்னது ஒரு சத்தமும் வரக்கூடாதுன்னு. ஒரு சத்தமும்னா ஒரு சத்தமும்தான். அது என்ன கை சத்தம், மிஷின் சத்தம்னு ரெண்டு கணக்கு?

'போர்ட்டிகோவக் காலி பண்ணு'ன்னேன். அப்பதான் திரும்பிப் பேசுனா. கலியாணமாகி முப்பத்தி நாலு வருசத்துல மொதத் தடவ.

'உங்க மொத வண்டிக்கு நான் மூணு மணிக்கு எந்திரிச்சேன். எத்தன வருசம்? மூணு மணிக்கு எந்திரிச்சு டிபன் கட்டிட்டு, நீங்க போனதுக்கு அப்புறம் அந்த இருட்டுல தனியா உக்காந்திருப்பேன். திரும்பப் படுத்தாத் தூக்கம் வராது. எனக்கு இந்தப் போர்ட்டிகோ ஒண்ணக் குடுங்க. வேற எதுவும் கேக்கல.'

நான் என்ன சொன்னேன்? எந்திரிக்கச் சொல்லி நானா கேட்டேன்? டிப்போ கேன்டீன் இருந்துச்சு. இவதான் எந்திரிச்சா. செஞ்சுட்டு இப்ப சொல்லிக் காட்டினா எப்படி?

சரி. அதட்டியே நிறுத்தியிருக்கலாம். அதட்டுனா பொண்ணு போன் பண்ணுவா, மாப்பிள்ளை போன் பண்ணுவாரு, கடைசியில நான்தான் கெட்டவன்னு வரும். அதனால முறைப்படி போகலாம்னு ஒரு மனு எழுதுனேன். ஆமா, ஆபீஸுக்குத்தான். சுகாதாரம் பாக்குற ஆபீஸுக்கு. கையெழுத்து தெரிஞ்சுறக் கூடாதுன்னு கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவரு ஒருத்தருகிட்ட நான் சொல்லச் சொல்ல அவரு அடிச்சாரு. மேற்படி இல்லத்தில் தீப்பற்றக்கூடிய திரவங்கள் வைக்கப்பட்டுள்ளன. மரத்தூளால் முதியோரும் சுவாசக் கோளாறு உடையோரும் பெரும் அவதிக்கு உள்ளாகின்றனர். பகல் 14.00 மணி முதல் 16.00 மணி வரையிலும் ஓய்வின்றி இரைச்சல். இப்படிக்கு, தெருவாசிகள்.

தெருவாசிகள்னு போட்டது பொய்யின்னு பின்னாடி சொன்னாங்க. எப்படிப் பொய்யி? நான் இந்தத் தெருவுலதான இருக்கேன்? அப்ப நானும் தெருவாசிதான?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி அங்க இருக்கிற பெட்டியில போட்டுட்டு வந்தேன்.

பத்து நாளுல ஒரு ஆபீசர் வந்தாரு. சின்ன வயசு. நல்ல மரியாதையாத்தான் பேசுனாரு. 'தெருவுல இருந்து புகார் வந்திருக்கும்மா. தின்னர் டின்னெல்லாம் இப்படி வாசல்ல வெக்கக் கூடாது. தொழில் பண்றதுன்னா லைசென்ஸ் எடுத்துட்டுப் பண்ணுங்க. அதுவரைக்கும் நிறுத்தி வைங்க'ன்னாரு. இவ, 'யாருங்க சார் குடுத்தது?'ன்னா. 'பேரு இல்லம்மா. மூச்சுக் கோளாறு இருக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எழுதியிருக்காங்க'ன்னாரு.

அங்கதான் ஒரு சின்ன விசயம் ஆயிப்போச்சு.

பக்கத்து வீட்டுல ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தங்க. ரிட்டயர்டு டீச்சர். கலியாணம் பண்ணிக்கல. தனியா இருக்காங்க. இருபத்தி ரெண்டு வருசமா மங்கையும் அவங்களும் சேக்காளிக. காம்பவுண்டு சுவத்துக்கு அங்குட்டு அவங்க, இங்குட்டு இவ, நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம் பேசுவாளுக. அந்த டீச்சருக்கு மூச்சிரைப்பு உண்டு. ஆபீசர் வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடிதான், 'மங்கை, அந்த மிஷினக் கொஞ்சம் அங்குட்டுத் திருப்பி வெச்சுக்கிறியா, தூசி சன்னலுக்கு வருது'ன்னு சொல்லியிருக்காங்க.

நான் மனுவுல மூச்சுக் கோளாறுன்னு போட்டது ஒரு வெயிட்டுக்காகப் போட்டது. சத்தியமா டீச்சர நெனச்சுப் போடல. மனுன்னா நாலு காரணம் வேணும்ல?

ஆபீசர் வண்டி தெருமுனை திரும்பல, இவ சுவத்துகிட்டப் போயிட்டா. 'டீச்சர்!'னு ஒரு சத்தம். இவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

'வாயால சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? மனுதான் எழுதணுமா? இருபத்தி ரெண்டு வருசம் டீச்சர்! உங்க ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரலையா? ராத்திரி பகலா பக்கத்துல உக்காரலையா?'

'என்ன மனு? மங்கை, நான் என்ன எழுதுனேன்? நானா?'ன்னு அவங்க கேக்குறாங்க. பேசப் பேச அவங்களுக்கு இரைக்குது. அது இங்க ஹால் வரைக்கும் கேக்குது.

நான் ஹால்லதான் இருந்தேன். பேப்பர் படிச்சுக்கிட்டு.

உள்ள வந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. என் பக்கத்துல கீழ உக்காந்துக்கிட்டு, 'டீச்சர் இப்படிப் பண்ணுவாங்களாங்க?'ன்னு கேட்டா. என்கிட்டக் கேட்டா. அவ என்கிட்ட ஒண்ணக் கேட்டே பல மாசம் ஆச்சு.

'யாரு மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்'னேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நான் டீச்சர்னு சொன்னேனா? சொல்லல. பொதுவாச் சொன்னேன். இருந்தாலும் இருக்கலாம்னுகூடச் சொல்லல.

வேலை நின்னுபோச்சு. எல்லாத்தையும் தார்ப்பாய் போட்டு மூடிட்டா. போர்ட்டிகோவுல பாதி எடம் கெடச்சுச்சு, ஸ்கூட்டர உள்ள விட்டேன். மதியத் தூக்கத்துக்கு ஒரு தொந்தரவு இல்ல. என்னன்னா, பதினாலரை ஆனா தானா முழிப்பு வந்துரும். வந்தாத் திரும்ப வராது. கட்டில்ல இருந்து பாத்தா அடுப்படி தெரியும். சும்மா உக்காந்திருப்பா. கைய மடியில வெச்சுக்கிட்டு. அந்தக் கை அப்பப்ப முழங்கால்ல முன்னாடியும் பின்னாடியும் தேய்க்கும்.

கிறிஸ்துமஸ் வந்துச்சு. ஒவ்வொரு வருசமும் டீச்சர் வீட்டுல இருந்து தட்டு வரும். கேக்கு, முறுக்கு, அதிரசம், மேல பூப்போட்ட துணி மூடியிருக்கும். இந்த வருசமும் வந்தாங்க. புதுப் புடவை கட்டிக்கிட்டு, தட்ட ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு, அந்த கேட்டுல நின்னாங்க. நீங்க நின்ன எடத்துலதான். இவ போனா. வாங்கிக்கல. 'எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க டீச்சர், கொண்டுட்டுப் போயிருங்க'ன்னா. அவங்க தட்டு மேல இருந்த துணியச் சரி பண்ணிக்கிட்டாங்க. திரும்பிப் போயிட்டாங்க.

எனக்கு அதிரசம் பிடிக்கும். சொல்ல முடியுமா அப்ப?

பொங்கல் கழிஞ்சு, அந்த மொதல்ல வாங்குன டாக்டரம்மா போன் பண்ணுனாங்க போல. 'ஏன் நிறுத்துனீங்க, லைசென்ஸ்தான, போய்க் கேளுங்க'ன்னு. இவளும் ஒரு நாளு மதியம் புடவைய மாத்திக்கிட்டு ஆபீஸுக்குக் கெளம்பிட்டா. அங்க ஃபைலத் தேடி எடுத்திருக்காங்க. மேசை மேல விரிச்சு வெச்சிருக்காங்க. அதுல அந்த மனு.

வீட்டுக்கு வந்தா. நான் கட்டில்ல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கேன். செருப்பக்கூடக் கழட்டல. வாசப்படியிலேயே நிக்கிறா.

'மணி என்னங்க?'

நான் கைக்கடிகாரத்தப் பாத்து, 'பதினாறு இருபது'ன்னேன்.

அவ தலைய ஆட்டுனா. ஏதோ கணக்குச் சரியா வந்த மாதிரி. பையில இருந்து அந்த மனுவோட ஜெராக்ஸ எடுத்து கட்டில்ல வெச்சா. 'இத வாசிங்க.'

'கண்ணாடி இல்ல'ன்னேன்.

'நான் வாசிக்கிறேன். பகல் பதினாலு மணி முதல் பதினாறு மணி வரையிலும் ஓய்வின்றி இரைச்சல்.' நிறுத்துனா. 'இந்தத் தெருவுல மதியம் ரெண்டு மணியப் பதினாலுன்னு சொல்ற ஆளு எத்தன பேருங்க?'

'ஆபீஸுக்கு எழுதுறதுன்னா அப்படித்தான் எழுதுவாங்க'ன்னேன்.

'டீச்சரா? டீச்சரா அப்படி எழுதுவாங்க?'

நான் ரேடியோவ அணைச்சேன். அவ சத்தம் போடுவான்னு பாத்தேன். தொழில் போச்சுன்னு அழுவான்னு பாத்தேன். பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன் தம்பி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில். அவ தொழிலப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. 'அந்தத் தட்ட நான் திருப்பி அனுப்புனேனே'ன்னா. அம்புட்டுதான். 'அந்தத் தட்ட நான் திருப்பி அனுப்புனேனே'ன்னு இன்னொரு தடவ சொல்லிட்டு, அப்படியே செருப்போட வெளிய போயிட்டா.

டீச்சர் வீட்டுக்குத்தான். வேற எங்க. சுவரு ஓரமா நின்னா எல்லாம் கேக்கும். இவ அழுகுறா. அவங்களும் அழுகுறாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துல பாத்திரச் சத்தம், ஏதோ சிரிப்பு. 'தூசின்னா சன்னலச் சாத்திக்கிட்டாப் போச்சு மங்கை. பின்னாடி டியூஷன் ஷெட்டு சும்மாத்தான் கெடக்கு. எடுத்துட்டு வா'ன்னு அவங்க சொல்றது கேட்டுச்சு. எனக்குத் தெரியும், என்னையப் பத்தியும் பேசியிருப்பாங்க. மெதுவாப் பேசியிருப்பாங்க.

மறுநாளு ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்து தார்ப்பாய அவுத்தா. ஒவ்வொரு சாமானா என் கண்ணு முன்னாடி போகுது. நான் என்ன சொன்னேன், 'போறதுன்னா மொத்தமாப் போ'ன்னேன். ஒரு கோவத்துல சொல்றதுதான். முப்பத்தி நாலு வருசத்துல நூறு தடவ சொல்லியிருப்பேன். ஒரு தடவகூடப் போனது கிடையாது. இந்தத் தடவ, 'சரிங்க'ன்னா. நாலு புடவைய மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா.

ரெண்டு மாசம் ஆச்சு. ஆமா, பக்கத்து வீடுதான். அந்தப் பச்சை கேட்டு. லைசென்ஸும் அந்த முகவரிக்கே வாங்கிட்டா. வீட்டு ஓனர்னு டீச்சர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. தின்னரெல்லாம் தனியா ஒரு தகரக் கூண்டுல. வாசல்ல ஈரத் துணி கட்டித் தொங்கவிட்டிருக்கா, தூசி வராம. இதையெல்லாம் இங்க பண்ணியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?

ஒண்ணு பாத்தீங்களா, இம்புட்டு நேரம் உக்காந்திருக்கோம், ஒரு சத்தம் கேட்டுச்சா? அங்க போனதுலருந்து பதினாலுலருந்து பதினாறு வரைக்கும் மிஷின் ஓடுறதில்ல. ஷெட்டு நம்ம படுக்கையறைச் சன்னலுக்கு நேராத்தான் இருக்கு, ஓடுனாக் கேக்கும். டீச்சருக்கு மதியத் தூக்கம் இருக்கும் போல. அவங்களுக்காக நிறுத்துறா. எனக்காக நிறுத்துனாளா அப்படி?

சமையலு? தினம் காலையில பதினோரு மணிக்குச் சுவத்து மேல கேரியர் வந்து உக்காந்திருக்கும். 'கேரியர்'னு ஒரு குரல். அம்புட்டுதான் பேச்சு. நான் எடுத்துக்குவேன். கழுவி அதே எடத்துல வெச்சுருவேன். உப்பு, காரம் எல்லாம் அப்படியேதான் இருக்கு, குறை சொல்ல முடியாது. ராத்திரிக்குச் சில நாளு வரும், சில நாளு வராது.

போன வாரம் வந்தா. உள்ள அவ பீரோ ஒண்ணு இருந்துச்சு, வேங்கை மரம், துணி வெக்கிறது. அத எடுக்க வந்தா. வர்றேன்னு சொன்ன ஆளுல ஒருத்தன் வரல. ஒத்த ஆளு நிக்கிறான். இவ நடையில நின்னுக்கிட்டு, யாரப் பாத்துன்னு இல்ல, பொதுவா, 'ஒரு பக்கம் புடிச்சா நல்லா இருக்கும்'னா.

புடிச்சேன். நான் எதுக்குப் புடிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. கனமா கனம் தம்பி அது. படி எறங்கும்போது, 'உங்க பக்கம் கொஞ்சம் ஒசத்துங்க'ன்னா. 'உங்க பக்கம்'னு என்னையத்தான் சொன்னா. தெருவுல நாலு பேரு பாக்குறாங்க, பாக்கட்டும்னு தூக்கிட்டுப் போறேன்.

அந்தப் பச்சை கேட்டுகிட்டப் போனதும் டீச்சர் வந்து தொறந்தாங்க. என்னையப் பாத்தாங்க. பீரோவ அங்கனயே எறக்கிட்டேன். என்ன தோணுச்சோ, 'டீச்சர், அந்த மனு நான்தான் எழுதுனேன்'னேன்.

'தெரியும் சார்'னாங்க. 'உள்ள வாங்க. பீரோ வெயில்ல நிக்குது.'

கோவமாச் சொன்னாக்கூடப் பரவால்ல. பீரோ வெயில்ல நிக்குதாம். அம்புட்டுதான் அந்த மனுவுக்கு மதிப்பு. நான் உள்ள போகல. ஏன் போகணும்? சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்ல? டீச்சரே வந்து என் பக்கத்தப் புடிச்சாங்க. இரைக்க இரைக்க. மூணு பேருமாத் தூக்கிட்டுப் போனாங்க.

நான் கொஞ்ச நேரம் அந்த கேட்டு ஓரத்துல நின்னேன். அங்கருந்து ஷெட்டு தெரியும். பீரோவ எறக்கி வெச்சுட்டு இவ நேரா ஒரு மேசைகிட்டப் போனா. உள்ளங்கையால இல்ல, பொறங்கையால மரத்து மேல மெதுவா ஓட்டுறா. கண்ண மூடிக்கிட்டு. ஒரு எடத்துல கை நின்னுச்சு. கண்ணத் தொறந்து அந்த எடத்துல ஒரு ஊதல். சின்னத் துண்டு உப்புத்தாள எடுத்து ரெண்டு தேய்ப்பு. திரும்பவும் பொறங்கை. ரெண்டு வருசம் இதே வேலைய என் வாசல்ல பண்ணியிருக்கா. நான் ஒரு தடவகூட நின்னு பாத்ததில்ல. தூங்கிட்டிருந்திருக்கேன்.

அதுக்காக அவ பண்ணுனது சரின்னு நான் சொல்ல வரல. புருசன விட்டுட்டுப் பக்கத்து வீட்டுல போய் இருக்கிறது எந்த ஊரு வழக்கம்? இத நான் யாருகிட்டயும் சொல்லுவேன். வரட்டும், வந்து நேருக்கு நேரா உக்காரட்டும், நான் கேப்பேன்.

சரி, கெளம்புங்க, உங்கள ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டேன். எழுதுற மேசைதான வேணும் உங்களுக்கு? அன்னைக்குப் பாத்தேன்னேனே, அந்த மேசையே இருந்தாலும் இருக்கும். பாத்து எடுங்க. கெட்டியான மரமாத்தான் கெடந்துச்சு. பேரம் பேசாதீங்க, அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது, நீங்க சொன்ன விலைக்கே குடுத்துருவா.

தம்பி, ஒரு நிமிசம். மேசையெல்லாம் பாத்து முடிச்சுட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வந்து சொல்லிட்டுப் போறீங்களா? இன்னைக்கு ராத்திரிக்கு கேரியர் வருமா வராதான்னு. வராதுன்னா நான் ஓட்டலுக்குப் போகணும், அதுக்குத்தான். நான் சுவத்துகிட்ட நின்னு கேட்டாப் பதில் வராது. நீங்க கேளுங்க. கஸ்டமர் கேட்டா அவ பதில் சொல்லுவா.